பிறர் நிரப்பும் விண்ணப்பம்

"வக்கீல் இல்லாமல் கோர்ட்டுப் படி ஏறுவார் உண்டா? டாக்டர் இல்லாமல் ஆபரேஷன் செய்துகொள்வார் உண்டா? ஏஜென்ட் இல்லாமல் விசாவுக்கு ஃபைல் போடுவதும் அப்படித்தான்" என்று, சென்ற தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கலியாணத்தில், மூன்றாம் பந்திக்கு இலை விழுவதை எதிர்பார்த்து நாங்கள் எட்டுப் பேர் மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அபிப்பிராயம் தெரிவித்தார். ஆறு பேர் தலையை அசைத்தார்கள். மிச்சமிருந்த நான், அந்தச் சமயம் பார்த்துப் பந்திக்கு அழைப்பு வந்துவிட்டபடியால், சொல்ல இருந்ததைச் சொல்லாமலே எழுந்து போனேன். அன்றைய ரசம் அபாரமாக இருந்ததென்பதற்காக அந்த அபிப்பிராயம் சரியாகிவிடாது. ஆகையால் அன்று ரசத்தோடு சேர்த்து விழுங்கிய பதிலை இன்று எழுதுகிறேன்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தஞ்சாவூரிலிருந்து திருநெல்வேலி வரையில் எந்தப் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும், புடவைக் கடைப் பலகைக்கும் கண் ஆஸ்பத்திரிப் பலகைக்கும் நடுவே, ஆகாய விமானமும் கங்காருவும் வரைந்த பலகையொன்று நம்மை எதிர்கொள்கிற இந்தக் காலத்தில், அவர் சொன்னது ஒரு தனி மனிதரின் எண்ணமாக நிற்கவில்லை, தேசாசாரமாகவே ஆகிவிட்டது. வெளிநாட்டு விண்ணப்பம் என்பது பழகியவனுக்கு மட்டுமே பிடிபடும் ஒரு வித்தை என்பதும், அந்த வித்தை தெரிந்தவனுக்கு உள்ளே ஆள் உண்டு என்பதும் அந்த ஆசாரத்தின் மேல்தோல். உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது, காகிதம் சேர்ப்பது பிரயாணத்துக்கு முன் வந்து தொலைக்கும் ஒரு சங்கடமே தவிரப் பிரயாணத்தின் அங்கமன்று, ஆகவே அதைக் காசு கொடுத்துக் கைமாற்றிவிடுவதே புத்திசாலித்தனம் என்ற எண்ணம். இந்தக் கடைசி எண்ணத்தோடுதான் எனக்கு முக்கியமான வழக்கு.

பொதுவாகப் பேசினால் வாதம் காற்றோடு போய்விடும். ஆகையால் ஒரே ஒரு விசாவை எடுத்துக்கொள்கிறேன். இளைஞர்கள் ஓராண்டு காலம் ஊர் சுற்றவும், சுற்றுகிற செலவுக்கு அங்கங்கே வேலை செய்து சம்பாதித்துக்கொள்ளவும் இடம் கொடுக்கும் ஏற்பாட்டை ஆஸ்திரேலியா 1975-ஆம் ஆண்டில் பிரிட்டன், கனடா, அயர்லாந்து ஆகிய தேசத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி கையெழுத்தாகி, அவ்வாண்டு டிசம்பர் 29-ஆம் தேதி அமலுக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின் ஒரு மூலையில், ஆண்டொன்றுக்கு 1,000 இந்தியருக்கு 462 என்ற எண்ணுள்ள வேலை-விடுமுறை விசா வழங்கப்படும் என்ற வாக்குறுதி இருந்தது. அந்த வாக்குறுதி 2024 அக்டோபரில் காரியமாயிற்று. அம்மாதம் முழுவதும் பதிவுக்குக் கதவு திறந்திருந்தது. முதல் இரண்டு வாரத்திற்குள்ளேயே 40,000 இந்தியர் பதிந்துவிட்டார்கள் என்று அந்நாட்டுத் துணை மந்திரி ஒருவர் தெரிவித்தார். பதினெட்டு வயது நிரம்பி முப்பதைக் கடக்காதவராக இருக்க வேண்டும். 25 ஆஸ்திரேலிய டாலர் பதிவுக் கட்டணம். கையில் பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வேண்டும். அதற்குமேல் குலுக்கல். அதில் பெயர் வந்தவர்கள் 28 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதைய கட்டணம் 650 டாலர். பள்ளிக்குப் பின் இரண்டு வருஷமாவது படித்ததற்குச் சான்று, காரியம் நடத்தும் அளவு ஆங்கிலம் தெரிந்ததற்குச் சான்று, ஆரம்பச் செலவுக்கு ஏறக்குறைய 5,000 டாலரும் அதற்குமேல் திரும்பி வருவதற்கான விமானக் கூலியும் கையிருப்பில் உள்ளதற்குச் சான்று, தேக ஆரோக்கியத்துக்கும் நன்னடத்தைக்கும் சான்று: இவ்வளவுதான் அந்த மகா வித்தை.

இதில் ஏஜென்ட்டின் ‘உள்ளே இருக்கும் ஆள்’ எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தலைமை ஆசிரியர் எனக்குக் காட்ட வேண்டும். குலுக்கலை நடத்துவது ஒரு கணினி. அதற்குக் கும்பகோணத்திலும் உறவினர் இல்லை, கான்பெராவிலும் இல்லை. எங்கள் தெருக்கோடியில் டிப்ளமா படித்த பையன் ஒருவனுக்கு, அந்த அக்டோபரில் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் ‘ரிஜிஸ்டிரேஷன்’ செய்து கொடுத்தார். அன்றைய மாற்று விகிதத்தில் 25 டாலர் என்பது சுமார் 1,400 ரூபாய். மிச்சம் எதற்கு என்று பையன் கேட்டதற்கு, "ஃபைல் மேலே வரணும்ல தம்பி" என்று பதில் வந்ததாம். ஃபைல் மேலே வரவில்லை. நாற்பதினாயிரம் பேரில் முப்பத்தொன்பதினாயிரம் பேருக்கு மேலே வர முடியாது என்பது நாலாம் வகுப்புக் கணக்கு. ஆனால் பையன் வீட்டாரோ, தோற்றது அதிர்ஷ்டத்தால் என்று நம்பாமல், கொடுத்த பணம் போதவில்லை என்றே இன்றுவரை நம்புகிறார்கள். அடுத்த தடவை 25,000 வரையில் கொடுக்கத் தயாராயிருக்கிறார்கள். பிரிட்டன் 2023 பிப்ரவரியில் இந்தியப் பட்டதாரிகளுக்கென்று தொடங்கிய, ஆண்டுக்கு 3,000 பேரை இரண்டு வருஷம் தங்க விடும் ஏற்பாட்டில், குலுக்கலில் சேருவதற்குக் கட்டணமே கிடையாது. இரண்டு நாள் மட்டும் திறந்திருக்கும் அந்தக் கதவுக்கு முன்னாலும் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டபோது, கோயிலில் தர்ம தரிசனத்துக்கு டிக்கெட் விற்ற கதை எனக்கு நினைவு வந்தது.

‘வக்கீல்’ உபமானத்துக்கு வருவோம்; அதுதான் எதிர்க்கட்சியின் பெரிய பீரங்கி. வக்கீல் என்பவர் பார் கவுன்ஸிலில் பெயர் பதிந்தவர், வக்காலத்தில் கையெழுத்திட்டவர், நீதிபதிக்கு முன்னால் பகிரங்கமாக நின்று பேசுகிறவர், தவறு செய்தால் சன்னத்தை இழக்கக் கூடியவர். ஆஸ்திரேலியச் சட்டமும் தன் மண்ணில் குடிவரவு ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர் பதிவு பெற்றவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டுமென்று நிர்ப்பந்திக்கிறது. பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. நம்முடைய பஸ் ஸ்டாண்டு மாடியறையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்டுக்கு அந்த எண் பெரும்பாலும் கிடையாது. அந்தச் சட்டத்தின் கை இவ்வளவு தூரம் நீளுவதும் இல்லை. நம் தேசத்து 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டமோ வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறதே அல்லாமல், விசா நமூனாவைப் பூர்த்தி செய்து கொடுப்பவரைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆகவே இரண்டு சட்டங்களுக்கும் இடையே உள்ள சந்தில், எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவரைத்தான் நாம் வக்கீல் ஸ்தானத்தில் வைத்துப் பேசுகிறோம்.

அது போகட்டும், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதையாவது சட்டம் தெளிவாகச் சொல்கிறதா என்றால், சொல்கிறது, கேட்பவர் வயிற்றில் புளி கரைக்கிற தெளிவோடு சொல்கிறது. 1958-ஆம் வருஷத்து ஆஸ்திரேலியக் குடிவரவுச் சட்டத்தின் 98-ஆவது பிரிவின் தாத்பரியம் இது: விண்ணப்ப நமூனாவை ஒருவன் தானே நிரப்பாமல், பிறரைக் கொண்டு நிரப்பச் செய்தாலும், அவன் சார்பில் வேறெப்படி நிரப்பப்பட்டாலும், அவனே நிரப்பியதாகக் கொள்ளப்படும். ‘ஏஜென்ட் போட்டது எனக்குத் தெரியாது’ என்று பின்னால் ஒருவன் கதறக் கூடும் என்பதைச் சட்டம் செய்தவர்கள் முன்கூட்டியே யூகித்து, அந்தக் கதறலுக்கு இடமில்லாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். போலி ஆவணமோ பொய்த் தகவலோ விண்ணப்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் மூன்று வருஷத்துக்கும், ஆளே வேறு என்று தெரிந்தால் பத்து வருஷத்துக்கும் விசா மறுக்க விதி உண்டு. அந்த மூன்று வருஷமும் பத்து வருஷமும் மாடியறைக்காரர் கணக்கில் வரவா? பையன் கணக்கில் வரவு. முப்பது வயதோடு முடிந்துபோகும் ஒரு வாய்ப்பில், இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு மூன்று வருஷத் தடை என்பது ஆயுள் தண்டனைதான்.

இன்னொன்றும் உண்டு. விண்ணப்பத்தில் கடிதம் வந்து சேர வேண்டிய விலாசமாக ஏஜென்ட் தம்முடைய மின்னஞ்சலை எழுதிக்கொண்டால், அதிகாரிகள் அவருக்கு அனுப்பியதெல்லாம் விண்ணப்பதாரருக்கே கிடைத்ததாகச் சட்டம் கருதும். ‘இன்ன சான்றை இத்தனை நாளுக்குள் அனுப்பு’ என்று ஒரு கடிதம் வந்து, அதை அவர் ஒரு வாரம் திறந்து பார்க்காமல் கொடைக்கானலில் இருந்தால், திறந்து பார்க்காதவன் நீ. உன் கணக்கின் கடவுச்சொல் உனக்குத் தெரியாது. உன் பெயரால் என்ன எழுதியிருக்கிறது என்பதும் உனக்குத் தெரியாது. ஆயினும் அத்தனைக்கும் நீ ஜவாப்தாரி. அறியாதவனுக்கு ஜவாப்தாரித்துவமும் அறிந்தவனுக்கு லாபமுமாக ஏற்பட்ட இந்தப் பாகப்பிரிவினையைத்தான் தலைமை ஆசிரியர் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள சம்பந்தம் என்று சொன்னார்.

தமிழனுக்கு இந்தப் பாகப்பிரிவினை புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்னாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிப் போன காலத்தில், கூலியின் கழுத்தில் மாகாணமும் தோட்டமும் குறிக்கும் எண் குத்திய தகரச் சீட்டு ஒன்று தொங்கிற்று. அதைக் காட்டினால் மண்டபம் கடற்கரை முகாமைத் தாண்டலாம். வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். அந்த எண்ணைச் சுமந்தவனுக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டுமென்று எவரும் நினைக்கவில்லை. அது அவனைப் பற்றியதாயினும் அவனுக்காக எழுதப்பட்டதன்று. ‘துண்டு’ என்று மற்றொரு காகிதமும் வழங்கிற்று. இன்ன தொகை கட்டினால் இந்தக் கங்காணியையும் இவன் கூட்டத்தையும் விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கங்காணி கையில் கொடுக்கும் கடன் சீட்டு அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவான், அங்கே கடன் ஏறும், கூட்டம் கைமாறும், மனிதர்களின் மேல் எழுதிய காகிதம் மனிதர்களுக்குத் தெரியாமலே பிரயாணம் செய்யும். 1921-இல் அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. அன்றைய கூலியையும் இன்றைய டிப்ளமாப் பையனையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது; அவன் பஞ்சத்துக்குப் போனான், இவன் பவிஷுக்குப் போகிறான். ஆனாலும் எவனிடம் காகிதம் இருக்கிறதோ அவனிடமே கடிவாளமும் இருக்கிறது என்பதை மண்டபத்துக் கடற்கரை நமக்கு ஒரு தலைமுறைக்கு மேல் சொல்லிக்கொடுத்திருக்க, நாம் இன்று காசும் கொடுத்துக் கடிவாளத்தையும் கொடுக்கிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

கையிருப்புச் சான்று விஷயத்தில் இந்தச் சாமர்த்தியம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். விதி ஏன் 5,000 டாலர் கேட்கிறது? போய் இறங்கின அன்றே வேலை கிடைத்துவிடாது. அறை வாடகைக்கு முன்பணம் கட்ட வேண்டும். இரண்டு மாதம் வேலையில்லாமல் போனாலும் பட்டினி கிடக்காமல் திரும்பி வர வேண்டும். ஆகவே அது பையனுடைய நன்மைக்கே ஏற்பட்ட விதி. அதை நம்மவர்கள் ‘பேலன்ஸ் காட்டுவது’ என்று பெயரிட்டு, நாடகத்தில் ராஜபார்ட்டுக்காரன் அட்டைக் கிரீடம் வைத்துக்கொள்வதுபோல ஆக்கிவிட்டார்கள். மாடியறைக்காரரே வட்டிக்குப் பணம் ஏற்பாடு செய்து கணக்கில் போட்டு, சான்று வாங்கியதும் எடுத்துக்கொள்கிறார். பிரிட்டன் தன் ஏற்பாட்டுக்கு 2,530 பவுன் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டுமென்று கேட்டது. உடனே வட்டியும் 28 நாளுக்குக் கணக்கிடப்பட்டது, அவ்வளவே. மெல்போர்னில் போய் இறங்குகிறவன் கையில் கடைசியில் இருப்பது கிரீடம் வைத்த போட்டோ மட்டும். அதன்பின் அவன் முதலில் அகப்பட்ட முதலாளியிடம், சொன்ன கூலிக்கு, சொன்ன கொட்டகையில் தங்கி வேலை செய்கிறான். ஏமாற்றப்பட்டது ஆஸ்திரேலிய அதிகாரியல்ல.

பெயர் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் தமிழனுடைய விண்ணப்பம் தவறிப்போவதற்கு உலகத்தில் வேறெவருக்கும் இல்லாத ஒரு விசேஷ வசதியை நம் பெயர் வழக்கம் ஏற்படுத்தி வைத்திருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பள்ளிக்கூடச் சான்றிதழில் எஸ். முருகன், கல்லூரிப் பட்டத்தில் முருகன் எஸ்.; குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஓரெழுத்தை ஏற்காத பான் கார்டில் முருகன் சுப்பிரமணியன்; பாஸ்போர்ட்டில், அன்று கவுண்டரில் இருந்தவர் மனோதர்மப்படி, ஒன்று சுப்பிரமணியன் முருகன் அல்லது ‘சர்நேம்’ கட்டம் காலியாக வெறும் முருகன். இந்த நாலு முருகன்களும் ஒரே முருகன்தான் என்பது திருத்தணி முதல் திருச்செந்தூர் வரையில் விளங்கும். ஆனால் கணினிக்கு விளங்காது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதில்லை என்று அறிவித்தபோது, நம் விமான நிலையங்களில் உண்டான கலவரம் இந்தக் காரணத்தால் வந்ததே. அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர்க்காரனுக்கு முதற்பெயர் ‘தெரியாது’ என்று பொருள்படும் மூன்றெழுத்தை அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெற்றவர்கள் நாள் பார்த்து வைத்த பெயருக்கு அந்தக் கதி.

ஆஸ்திரேலிய நமூனாவில் ‘உனக்கு வேறு பெயர்கள் வழங்கியதுண்டா?’ என்றொரு கேள்வி இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது ஃபைல் போடுகிறவருக்கு அந்தக் கேள்வி ஒரு தடைக்கல். ‘இல்லை’ என்று தட்டிவிட்டு அடுத்த பக்கம் போகிறார். நாலு சான்றிதழில் நாலு விதமாக எழுதப்பட்ட ஒருவனுக்கு ‘இல்லை’ என்பது பொய்யாகும்; அது பொய் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும், ஏனெனில் அவன் ஒருவனுக்குத்தான் தன் வாழ்க்கை தெரியும். தகப்பனார் பெயரை எப்படி எழுதுவார்கள், இடையில் விட்டுப்போன படிப்பு எது, பத்து வருஷத்துக்கு முன் துபாயில் மாமாவோடு மூன்று மாதம் இருந்தது, ஒரு தடவை வேறு தேசத்து விசா மறுக்கப்பட்டது ஆகிய இந்த விவரங்களில் பாதியைக் கேட்டு எழுதவே ஏஜென்ட்டுக்கு அவகாசம் கிடையாது. மீதிப் பாதியைச் ‘சொல்ல வேண்டாம், சிக்கல்’ என்று அவரே தள்ளிவிடுகிறார். விண்ணப்பம் என்பது ஒருவன் தன்னைப் பற்றி ஓர் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்குமூலம். வாக்குமூலத்தைக் கூலிக்கு எழுதுவிக்கும் வழக்கம் நம் பத்திர எழுத்தர்களிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் பத்திர எழுத்தர்கூட எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவார்.

"ஆங்கிலம் வேண்டுமே ஐயா" என்பார்கள். இந்த ஆட்சேபணையில் உள்ள வேடிக்கையை எவரும் கவனிப்பதில்லை. இந்த விசாவுக்கே காரியம் நடத்தும் ஆங்கிலம் ஒரு நிபந்தனை. ஐஇஎல்டிஎஸ் பரீட்சையில் சராசரி 4.5 வாங்கினால் போதும். அந்த நிபந்தனையை நிறைவேற்றக் கூடியவனுக்கு நமூனாவில் உள்ள கேள்விகளைப் படிக்கவும் முடியும். நிறைவேற்ற முடியாதவனுக்கு ஏஜென்ட்டாலும் விசா வாங்கிக் கொடுக்க முடியாது. ஆகவே ஆங்கிலம் தெரியாதென்பதற்காக ஏஜென்ட்டிடம் போகிறவன், போகத் தேவையில்லாதவன் அல்லது போயும் பயனில்லாதவன். ஆங்கில வழியில் போதிய காலம் படித்ததற்குக் கல்லூரியோ பள்ளியோ கொடுக்கும் சான்றைப் பரீட்சைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளவும் விதிகளில் இடமுண்டு. இதைப் பரீட்சைப் பயிற்சி வகுப்பும் கூடவே நடத்துகிற மாடியறைக்காரர்கள் வாயால் கேட்டவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

எதிர்க்கட்சியில் ஒரு பங்கு நியாயம் உண்டு. அதை மறைப்பது எனக்கு அழகன்று. முன்பு விசா மறுக்கப்பட்டவன், காசம் முதலிய நோய் வந்து குணமானவன், பெயரில் போலீஸ் கேஸ் உள்ளவன் ஆகியோருக்குச் சட்டம் தெரிந்தவர் துணை வேண்டும். அவர்கள் பதிவு எண் உள்ள ஆலோசகரையோ வழக்கறிஞரையோ தேடிப் போகட்டும். எழுதியதைக் கடைசி வரி வரையில் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளட்டும். உடம்பு முடியாதவனுக்குப் பல்லக்கு வேண்டும் என்பதைக் கொண்டு ஊரார் அனைவரும் பல்லக்கில்தான் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்று ஏற்படாது. மேலும், இந்த ஏற்பாட்டில் உள்ள அநீதியையும் நான் மறுக்கவில்லை. 417 என்ற எண்ணுள்ள விசாவில் போகும் பிரிட்டானியப் பிள்ளைக்குக் குலுக்கலும் இல்லை, பட்டமும் வேண்டாம், வயதும் முப்பத்தைந்து வரையில் போகலாம். நம் பிள்ளைக்கோ ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவற்காரன். அதற்காக நம் அரசாங்கம் வாதாட வேண்டும். ஆனால் காவற்காரர் அதிகமாக உள்ள வீட்டுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு போவது எந்தச் சாஸ்திரத்தில் சொன்ன உபாயம்?

‘விசா வந்துவிட்டது, இனி என்ன?’ என்ற இடத்தில்தான் கைமாற்றிவிட்ட காகிதத்தின் முழு நஷ்டமும் தெரியவருகிறது. 2015 செப்டம்பர் முதல் ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதில்லை; அனுமதி என்பது ஒரு மின்கடிதம். ‘ஸ்டாம்பிங் ஆயிடுச்சா?’ என்று கேட்கும் தாயாருக்குக் காட்டப் பளபளப்பான ஒரு தாள்கூட இல்லை. ஏஜென்ட் தம்முடைய பெட்டிக்கு வந்த அந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வாழ்த்துச் சொல்கிறார். நிபந்தனைகள் உள்ள பக்கங்கள் அவரிடமே தங்கிவிடுகின்றன. ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நாலு மாதத்துக்கு மேல் படிக்கக் கூடாது. இரண்டாவது ஆண்டு வேண்டுமானால் குறிப்பிட்ட பிரதேசங்களில் குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாதம், அதாவது நம்மவர்கள் விரல் விட்டு எண்ணும் 88 நாள், வேலை செய்து ஒவ்வொரு நாளுக்கும் ஊதியச் சீட்டை வைத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி முதல், தோட்டங்களில் கூடைக்கு இவ்வளவு என்று பேசிப் பழம் பறிப்பவருக்கும் மணிக் கணக்கில் ஒரு குறைந்தபட்சக் கூலி நிச்சயமாகியிருக்கிறது. முதலாளி நம் பெயரில் கட்டும் ஓய்வுக்கால நிதியைத் திரும்பும்போது கேட்டு வாங்கலாம். இந்த விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும் என்பதையும் முன்பே தெரிந்துகொண்டால், அந்தப் பணத்தை நம்பி ஊரில் மனைக்கு முன்பணம் கொடுக்காமல் இருக்கலாம். விண்ணப்பத்துக்கு முன் இந்த விதிகளைத் தானே உட்கார்ந்து படித்தவனுக்கு, ‘கூடைக் கணக்குத்தான், சம்பளச் சீட்டுக் கிடையாது’ என்று ஒரு தோட்டக்காரன் சொல்லும்போது வாயைத் திறக்கத் தெரியும். படிக்காதவன் மாடியறைக்கு வாட்ஸ்அப் கால் போடுவான். அங்கே அடுத்த குலுக்கலுக்குக் கூட்டம்.

என் தங்கை பேரன் ஒருவன் அந்த முதல் குலுக்கலில் வந்தான். அவனுக்கும் வீட்டில் ஏஜென்ட் உபதேசம் நடந்தது. அவன் சற்றுப் பிடிவாதக்காரன். இருபத்தெட்டு நாள் அவகாசத்தில் பதினோரு நாள், கல்லூரியிலிருந்து ஆங்கில வழிச் சான்று வாங்குவதிலேயே போயிற்று. இரண்டு நாள் பெயர்ச் சிக்கலை விளக்கி ஒரு பிரமாணப் பத்திரம் தயாரிப்பதில் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்தான். நான் அகராதியும் கையுமாக அருகில் இருந்தேன், ஆனால் அகராதிக்கு அதிக வேலை வைக்கவில்லை. ‘தாத்தா, இவங்க கேட்கிறதெல்லாம் என்னைப் பத்தித்தான் தாத்தா’ என்று நடுவே ஒரு தடவை, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன்போலச் சொன்னான்.

விசா கிடைத்து அவன் போன விமானம் மெல்போர்னை நெருங்கும்போது ஒரு சீட்டைக் கொடுத்தார்களாம். உணவுப் பண்டம், விதை, இலை, மரச்சாமான் ஏதேனும் கொண்டுவருகிறாயா, ஆம் அல்லது இல்லை. மறைத்தால் அபராதம், தற்காலிக விசாவே ரத்தாகவும் கூடும். சொல்லிவிட்டால், பார்ப்பார்கள், வேண்டாததை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பக்கத்து ஸீட்டில் நம்மூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். அவன் பெட்டியிலும் அம்மா வைத்த பொட்டலங்கள். ‘இல்லைன்னு போட்டுடு, எங்க ஏஜென்ட் அப்படித்தான் போடச் சொன்னார்’ என்றானாம் அவன். நம் பையன் ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு வரிசையில் நின்றான். அதிகாரியம்மாள் பெட்டியைத் திறந்து, கறிவேப்பிலைக் கட்டை எடுத்துத் தொட்டியில் போட்டு, அப்பளக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடமே கொடுத்து, போகலாம் என்று கையைக் காட்டினாளாம்.